கையோடு வரும் வெள்ளை

கற்… கற்… என்றது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் கற்… விளக்கணைத்த அறையில், மடித்துக்கொண்டிருந்த துணியை மடியிலேயே போட்டுவிட்டு வெரோனிக்கா காதைக் கொடுத்தாள். இருட்டி அதிக நேரமாகவில்லை. துறைமுகத்துப் பக்கம் லாரிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. கூடத்தில் மாமி அப்போதுதான் ஜெபமாலையைத் தொடங்கியிருந்தாள். மாமி முன்பாதியைச் சொல்ல, மாமாவும் கொழுந்தன் சந்தியாகுவும் பின்பாதியைச் சொல்ல, அந்த முணுமுணுப்புக்கு அடியில், அதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல, தன் வேலையைத் தான் பார்க்கிற ஒரு கற்… எலியாக இருக்கும். ஆனால் எலி இவ்வளவு நிதானமாகக் கடிக்காது, அதற்கு எப்போதும் அவசரம், கடிக்கும் ஓடும் திரும்ப வந்து கடிக்கும். வண்டாக இருக்குமோ, பழைய மரம், உள்ளே வண்டு துளைத்தால் இப்படித்தான் விட்டுவிட்டுக் கேட்கும், காலையில் பார்த்தால் கீழே மாவு மாவாய்க் கொட்டியிருக்கும். மாவு என்று நினைத்ததும் மடியிலிருந்த துணியைத் தள்ளினாள். எழுந்து போய் சுவிட்சைத் தட்டினாள். தூங்கவைத்த பிள்ளை அனி, அழி போட்ட தன் கட்டிலுக்குள் எழுந்து நின்றுகொண்டிருந்தது. அழியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மேல்சட்டத்தில் வாயை வைத்து, புதிதாய் முளைத்த பற்களால், கண்ணை மூடிக்கொண்டு, கரும்பு கடிக்கிற மாதிரி மரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. உதடு வெள்ளை, மூக்கு நுனி வெள்ளை, மோவாயில் வழிந்த எச்சிலும் வெள்ளை.

துப்பு மக்ளே, துப்பு, என்று அவள் விரலை உள்ளே விட்டதும் பிள்ளை விரலையும் கடித்தது. கடி, என் விரலைக் கடி, எவ்வளவு வேண்டுமானாலும் கடி. செம்பிலிருந்த தண்ணீரில் முந்தானை நுனியை நனைத்து ஈறைத் துடைத்தாள், நாக்கைத் துடைத்தாள், கன்னத்துக்குள் ஒதுங்கியிருந்ததை வழித்தெடுத்தாள். பிள்ளை உமட்டிக்கொண்டு அழுதது. அழட்டும், அழுதால் வாய் திறக்கும். முந்தானையில் வெள்ளைக் குழைவு, அதற்குள் பச்சையாக ஒரு பொருக்கு, அதன் ஓரத்தில் சிவப்பாக ஏதோ. ரத்தம், ஈறு கிழிந்துவிட்டது என்று ஒரு கணம் பதறி, விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். ரத்தமில்லை, பெயிண்ட். ரத்தமாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ரத்தம் நின்றுவிடும். மேல்சட்டத்தில் பல் பட்ட இடம் சின்னக் கிண்ணம் போலக் குழிந்திருந்தது, வெட்டிய வெங்காயத்தில் தெரிகிற மாதிரி அதில் வளையம் வளையமாக நிறங்கள்: வெளியே அனியின் ஞானஸ்நானத்துக்கு அடித்த பச்சை, அதற்கு உள்ளே ஒருகாலத்தில் நீலமாக இருந்து இப்போது சாம்பல் பூத்துப்போன வெள்ளை, அதற்கும் உள்ளே இன்னொரு பழைய வெள்ளை, எல்லாவற்றுக்கும் அடியில், மரத்தை ஒட்டி, செங்கல் நிறத்தில் ரெட் லெட் என்கிற ஈயச் சிவப்பு. இந்தக் குழி இன்று விழுந்ததில்லை. ஒரே பொழுதில் பால்பல் இவ்வளவு ஆழம் போகாது. பகலில் கடித்தால் தூக்கிவிடுவாள், ராத்திரியில் எத்தனை நாளாக இந்தக் கற்… கேட்டிருக்கும், எத்தனை நாளாக எலி என்று அவள் புரண்டு படுத்திருப்பாள். விரலால் அந்த வெள்ளையைத் தொட்டாள், விரல் வெளுத்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்னே அதை நாக்கில் வைத்தாள். லேசாக இனித்தது, ஈயத்தின் இனிப்பு.

கைக்கு வருதும்மா, என்பார்கள் பெயிண்ட் கடையில். கல்யாணத்துக்கு முன்னே பால்பாண்டி அண்ணாச்சி கடையின் கலர் கலக்குகிற மிஷின் பக்கத்தில் அவள் நின்ற வருஷங்களில், உள்ளங்கையை விரித்து மேஜை மேல் காட்டாத ஆளே இல்லை. போன பொங்கலுக்கு அடிச்சது, இந்தா பாரு, சட்டையெல்லாம் வெள்ளை, கலப்படம் பண்ணிட்டிய. அவள் கேட்பாள், வெயில் அடிக்கிற சுவரா அண்ணாச்சி, எவ்வளவு தண்ணி கலந்தீங்க, பிரைமர் அடிச்சீங்களா, பழசைச் சுரண்டுனீங்களா இல்ல அது மேலயே அடிச்சீங்களா. பெயிண்ட் என்பது தூள், அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற எண்ணெய் அல்லது பசை, அவ்வளவுதான். வெயில் தூளைத் தின்னாது, பசையைத் தின்னும். தண்ணீரை அள்ளி ஊற்றினால் பசை நீர்த்துப்போகும். தாகமெடுத்த சுவர் பசையை மட்டும் உறிஞ்சிக்கொண்டு தூளை வெளியே விட்டுவிடும். உப்புக் காத்து அடிக்கிற ஊரில் சுவருக்குள்ளிருந்தும் வெள்ளை பூத்து வரும், அது வேறு கணக்கு. பிடித்துக்கொள்ள ஆளில்லாத தூள்தான் கையோடு வருவது. அதன் மேல் எவ்வளவு ஒசத்தி பெயிண்டை அடித்தாலும் அது சுவரில் நிற்பதில்லை, தூளில் நிற்கிறது. தூள் வரும்போது கூடவே வந்துவிடும். இதை அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள், மாமி ஜெபமாலை சொல்கிற மாதிரி, நினைக்காமலே வாய் சொல்லும். அதே வாய், இந்த வீட்டு மொட்டை மாடியிலிருந்து கட்டிலை இறக்கி, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, மாமா பச்சையை எடுத்து அடித்தபோது, பேறுகாலத்துக்குப் பத்தியச் சோறு தின்றுகொண்டு சும்மா இருந்தது. சும்மாவா இருந்தது? சொன்னாள். மாமா, இதைச் சுரண்டாம அடிச்சா நிக்காது. பெயிண்ட் கடையில நின்ன புள்ளைல்லா, என்று மாமா தூரிகையை நிறுத்தாமல் சிரித்தார், விட்டா கட்டிலுக்கும் பில்லு போடுவா. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது நினைத்தால் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுப் பெயிண்ட் டப்பாவில் ஈயம் சேர்க்காதது என்று போட்டிருக்கும். இது வீட்டுப் பெயிண்ட் இல்லை. இந்தக் குடும்பத்தில் பிறக்கிற பிள்ளைக்குத் தோணிக்கு அடித்த மிச்சப் பெயிண்டில்தான் கட்டில் அடிப்பது. மாமா தண்டலாக, தோணிக்குத் தலைவனாக இருந்து ஓட்டிய காலத்தில், அவள் புருஷன் லிகோரி பிறந்த வருஷம் தோணிக்கு என்ன நிறமோ அதே நிறம், சந்தியாகு பிறந்த வருஷம் என்ன நிறமோ அது, இப்போது அனிக்கு லிகோரி போகிற தோணியின் பச்சை. ரெட் லெட்டும் அப்படி வந்ததுதான், தோணிப் பலகை கடல் தண்ணியில் ஊறாமல் இருக்க அடிக்கிற முதல் கை, மரத்துக்குப் பாதுகாப்பு. மரத்துக்கு. அப்பன் கடலில் இருக்கிற வரைக்கும் பிள்ளை அந்தக் கட்டிலில்தான் கிடக்க வேண்டும் என்பது மாமியின் பிடிவாதம். புள்ள கட்டில்ல கெடக்க வரைக்கும் தோணிக்கு ஒண்ணும் வராது, எங்க மாமியார் எனக்குச் சொன்னது, நான் ரெண்டு பேரையும் அப்பிடித்தான் போட்டேன், இவிய அத்தனை புயலுக்கும் தப்பி வந்தாவல்லா. மாமா வந்தார்தான்.  கரைக்கு வந்து சேர்ந்த மனுஷன் எதிரில் உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிடுகிறார், அவரை விடப் பெரிய ருசு எது. ஆனால் மாமி, தோணியில் பெயிண்டைக் கடிக்கிறது கடல், கடலுக்குப் பல்லுமில்லை மூளையுமில்லை. இதை அவள் மனதுக்குள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு தரமும் நன்றாகத்தான் இருக்கிறது, வாய்க்கு வரும்போது மட்டும் மாமி பாத்திரத்தை நகர்த்துகிற சத்தத்தில் கரைந்துபோகும்.

"ஏட்டி வெரோனி, ரெண்டாம் தேவ ரகசியம் ஆரம்பிச்சாச்சு. வாரியா இல்லியா?" மாமி ஜெபமாலையின் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே, குரலை மாற்றாமல் கேட்டாள், அதையும் ஜெபத்தில் சேர்த்துவிட்டது போல.

"புள்ள முழிச்சிட்டு மாமி."

"முழிச்சா தூக்கிட்டு வா. மாதாவுக்குப் புள்ளைச் சத்தம் ஆவாதுன்னா சொன்னாவ?"

போகவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்தாள், சன்னல்வரை, அங்கிருந்து பீரோவரை. பிள்ளை அவள் தோளைக் கடிக்கப் பார்த்தது. அம்மைக்காரி சாக்பீஸ் தின்னா, மவ கட்டில் திங்கா, என்று மாமி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சிரித்ததை அவள் கேட்டிருக்கிறாள். பொய்யா அது? அனி வயிற்றில் இருந்தபோது சாக்பீஸ் கேட்டு நாக்கு அலைந்தது, மாமியே ஒரு டப்பா வாங்கி வந்து, தின்னு புள்ள, வயித்துக்குள்ளார உள்ளது கேக்குது, என்று சிரித்துக்கொண்டு கொடுத்தாள், அன்றைக்கு மாமியை அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்கும் முன்னே கான்வெண்டில், கரும்பலகைக்குக் கீழே நீளத் தட்டில் மிஞ்சிக் கிடக்கிற துண்டுகளை அவள் பாவாடைப் பையில் அள்ளிக்கொள்வாள். டஸ்டரை வேப்பமரத்தில் அடித்துத் தட்டப் போகிற முறை வந்தால் அந்தப் புகைக்குள் வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். சிஸ்டர் அலோசியா ஒருநாள் நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு வெள்ளை. நான் சாக்பீஸ் தின்னமாட்டேன் என்று பலகை நிறைய எழுத வைத்தார், எழுதி முடித்ததும் கையில் மிஞ்சிய துண்டை அவள் திரும்பி நின்று தின்றாள். அந்தத் துணிச்சல் எங்கே போனது? யார் உறிஞ்சியது அதை? இல்லை, தண்ணீர் கலந்து கலந்து நீர்த்துப்போனதா, சரி மாமி, ஆகட்டும் மாமா, நீங்க சொன்னாச் சரிதான் என்று ஒவ்வொரு செம்பாக. ஆனால் சாக்பீஸ் வேறு. சாக்பீஸ் வெறும் சுண்ணாம்புக் கல், தின்றால் வயிறு கட்டும், அப்புறம் போய்விடும், அவளே சாட்சி, உயிரோடுதான் நிற்கிறாள். வெள்ளையாக இருக்கிறதெல்லாம் ஒன்றில்லை. ஈயம் போகாது. ரத்தத்தில் ஏறி எலும்பில் குடியிருக்கும், தலைக்குள் போய் உட்காரும், பெரியவர்களுக்குத் தாங்கும், பிள்ளைக்குத் தாங்காது. வம்சத்தில் வருவதில்லை இது. வாயில் வருவது. நான் கொடுத்ததில்லை. நான் கொடுத்ததில்லை, என்று பிள்ளையின் உச்சந்தலையில் வாயை வைத்துச் சொன்னாள். சொன்ன பிறகும் ஒரு மூலையில், ஒருவேளை, ஒருவேளை அந்தச் சாக்பீஸ் ஆசைதான் இறங்கிவிட்டதோ என்று ஒன்று முனகியது. முனகட்டும், அதற்கு வேறு வேலையில்லை. சோறு இறங்காமல், வயிறு இறுகி, காதோரம் வெளுத்து, ராத்திரியெல்லாம் பிள்ளை நெளிந்தபோது கிளினிக்கில் டாக்டர் பூச்சி மருந்து எழுதினார். ஈயமா இருக்குமோ சார், ரத்தத்தில பாக்கலாமாமே, என்று கேட்டதற்கு, செல்போன்ல படிச்சிங்களாம்மா என்றார், பக்கத்தில் நின்ற மாமி வெட்கப்பட்டு அவள் முழங்கையைக் கிள்ளினாள். ரத்தத்தை மதுரைக்கு அனுப்பினால் பார்ப்பார்களாம். கேட்டு வைத்திருக்கிறாள். கிள்ளிய இடம் அன்றைக்கே ஆறிவிட்டது.

கூடத்தில் சந்தியாகு மூன்றாம் ரகசியத்திலேயே இருந்தான், மற்றவர்கள் நான்காவதுக்குப் போய்விட்டார்கள். அவன் எப்போதும் இப்படித்தான், குரல் நல்ல குரல், கோயிலில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற குரல், ஆனால் எந்த இடம் என்று தெரியாது. மாமா திருத்துவதில்லை, நின்று காத்திருந்து, அவன் வந்து சேர்ந்ததும் தொடர்வார். மீசையில் நரை ஒன்றிரண்டு வந்துவிட்ட ஆளுக்கு இன்னும் மாமிதான் சட்டைப் பித்தான் போட்டுவிடுகிறாள். காசு கொடுத்தனுப்பினால் எவ்வளவு மிச்சம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது, கடைக்காரர்கள் ஏமாற்றுவதுமில்லை. சின்னப் புள்ளையில கெணத்தடியில எதையோ கண்டு பயந்துட்டான், என்பது இந்த வீட்டில் சொல்கிற கதை. வெரோனிக்காவும் அதைத்தான் நம்பியிருந்தாள், றால் உரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்வரை. அனி கடிக்க ஆரம்பித்த புதிது. சந்தியும் இப்பிடித்தான், என்று மாமி கை வேலையை விடாமல், ஆசையோடு சொன்னாள், கட்டிலைக் கடிச்சுக்கிட்டே கெடப்பான், வாயெல்லாம் வெள்ளையப்பிக்கிட்டு, பாக்க அம்புட்டு வேடிக்கையா இருக்கும், பல்லுத் தெனவு. றால் ஓடு வெரோனிக்காவின் விரலில் ஏறியது. லிகோரி அத்தான் கடிக்கலையா மாமி? அவன் எங்க கடிச்சான், அப்ப புதுக் கட்டிலுல்லா, வழுவழுன்னு இருக்கும், வாயே பிடிக்காது. அதற்குப் பிறகு கட்டில் மொட்டை மாடிக்குப் போயிருக்கிறது. கோடைக்கு மேல் கோடை. தூத்துக்குடி வெயில். பசையெல்லாம் தின்று முடித்துவிட்டுத் தூளை மட்டும் விட்டுவைத்த வெயில். அப்புறம் சந்தியாகுவுக்காக இறக்கி, ஒரு துடை துடைத்து, தூள் மேலேயே நீலம். அவளுக்குத் தெரியுமென்று சொல்ல முடியாது. யாருக்குத் தெரியும், கிணற்றடியில் ஏதாவது இருந்தும் இருக்கலாம், பிறவியிலேயே அப்படியும் இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து, மதினி, சோறு, என்று அவன் தட்டோடு வந்து நிற்கும்போதெல்லாம் அவள் இரண்டு கரண்டி கூடப் போடுவாள். மாமி ஏன் காதில் வாங்குவதில்லை என்பதும் அன்றிலிருந்து புரிந்துபோனது. பெயிண்ட் என்று ஒத்துக்கொண்டால் கிணற்றடிப் பேய் போய்விடும். பேய் போனால் அந்த இடத்தில் யார் வந்து நிற்பது? வாயெல்லாம் வெள்ளையோடு கிடந்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்த அம்மா. அந்த இடத்துக்கு மாமியைத் தள்ள அவளுக்கு மனசில்லை. மனசில்லாமல் தள்ளிப்போட்ட நாளெல்லாம் இதோ, மேல்சட்டத்தில் குழியாகக் கிடக்கிறது.

பிள்ளையைத் தன்னோடு படுக்கையில் போட்டுக்கொண்டால் போதாதா என்றால், போட்டுப் பார்த்தாயிற்று. விடிந்து பார்க்கும்போது பிள்ளை கட்டிலில் இருக்கும். நடுவில் எப்போதோ மாமி வந்து, சத்தமில்லாமல், தூக்கம் கலையாமல், அந்தக் கை அப்படிப்பட்ட கை, தூக்கி மாற்றிவிட்டுப் போயிருப்பாள். கட்டிலை வெளியே போட்டாலும் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே போடுவாள். கதவு எப்போதும் திறந்துதானே கிடக்கிறது. ஆள் கடலில் இருக்கும்போது வீட்டுக்குள் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் போடக்கூடாது, அது இன்னொரு சட்டம். அடைத்துப் படுத்தால் அங்கே அவனுக்கு வழி அடையும். கல்யாணமாகி வந்தபின் லிகோரியின் முதல் பயணத்தில் தெரியாமல் போட்டுவிட்டாள், மாமி கதவை அறைந்த அறையில் தெருவே எழுந்தது. அதற்கு முன்னே ஹாஸ்டலிலும் தாழ்ப்பாள் கிடையாது, சிஸ்டர்கள் டார்ச்சோடு எந்நேரமும் வரலாம், அதற்கும் முன்னே அப்பா வீட்டில் ஒரே அறை, கதவென்று ஒன்று வாசலுக்கு மட்டும். யோசித்துப் பார்த்தால் இந்தப் பிறவியில் அவளாகத் தாழிட்டு ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. சிரிப்பாக வந்தது, உடனே நின்றுபோனது. ஏனென்றால் லிகோரி இந்நேரம் மாலத்தீவு வழியில், போன் எட்டாத தண்ணீரில், தக்காளியும் செங்கல்லும் ஏற்றிய பச்சைத் தோணியில். நல்லவன். சும்மா கெடட்டி, அம்மா சொன்னா சொல்லிட்டுப் போறா, என்கிற நல்லவன். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவள் தாழிட்ட அதே ராத்திரி காற்று திரும்பினால்? கான்வெண்டில் படித்த பிள்ளை, தாழ்ப்பாளுக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று சிஸ்டர் கேட்பார். சிஸ்டருக்குக் கடலில் ஆளில்லை. வாழ்நாள் முழுக்க மாமியின் கண் அவளைப் பார்க்கும், நீதான் அடைச்ச. சரி. பார்க்கட்டும். ஒரு பக்கம் நடந்தாலும் நடக்கலாம் என்று ஒரு பயம், இன்னொரு பக்கம் நடந்துகொண்டே இருக்கிற ஒன்று, கற்… கற்… என்று, அவள் காது கேட்க. இரண்டும் ஒரே எடையா? தராசில் வைத்துப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஜெபமாலையின் கடைசி மன்றாட்டும் முடிந்துவிட்டது. நாற்காலி நகர்கிற சத்தம், மாமாவின் இருமல், மாமியின் செருப்பில்லாத கனத்த நடை. மாமி வாசலில் நின்று அறையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள்.

"என்ன, இன்னும் கையிலயே வச்சிருக்க? கட்டில்ல போடு. கைச்சூடு பழகிட்டா அப்புறம் இறங்காது."

"போட மாட்டேன் மாமி."

மாமிக்கு அது முதலில் காதில் விழவில்லை. கையை நீட்டிக்கொண்டு வந்தாள். வெரோனிக்கா ஒரு எட்டு பின்னால் போனாள்.

"இங்க பாருங்க, எவ்வளவு கடிச்சு வச்சிருக்கா. அடியில உள்ள செவப்பு வரைக்கும் போயிருக்கா. அது ஈயம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன், ரத்தம் எடுக்கச் சொல்லப் போறேன். இனி இந்தக் கட்டில்ல இவ படுக்க மாட்டா."

"ஆரம்பிச்சிட்டா," என்றாள் மாமி கூடத்தைப் பார்த்து. "ஏங்க, கேட்டியளா, உங்க மருமவ டாக்டராயிட்டா."

"உப்புத்தாள் போட்டு நல்லா ஒரு தேய் தேச்சு, இன்னொரு கை அடிச்சாப் போச்சு," மாமா அங்கிருந்தே சொன்னார். "காலையில நான் தேச்சுத் தாரேன். இதுக்கு என்னத்துக்கு வழக்கு?"

"தேய்க்காதீங்க மாமா. தேச்சா அம்புட்டும் தூளாப் பறக்கும். அவ மூக்குல போவும், உங்க மூக்குலயும்தான் போவும். எத்தனை கை அடிச்சாலும் அடியில உள்ளது அங்கனயேதான் இருக்கும்."

"லிகோரி கடல்ல கெடக்கான்," என்றாள் மாமி. குரல் இறங்கிவிட்டது, அதில் கோபம் இல்லை. "நீ என்ன பேசுதன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

"தெரியும் மாமி. அவிய கடல்ல இருக்காவ, என் கை அங்க எட்டாது. இவளுக்கு எட்டும்."

பிள்ளையைப் படுக்கையில் உட்காரவைத்து, தலையணையை முட்டுக்கொடுத்துவிட்டு, வெரோனிக்கா கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். தேக்கு மரம், அசையவில்லை. மறுபடி இழுத்தாள், தரையைக் கீறிக்கொண்டு ஒரு சாண் வந்தது. கை இரண்டும் வெளுத்துப்போயின. மாமி தடுக்கவுமில்லை, விலகவுமில்லை, வாசலிலேயே நின்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து சந்தியாகு தலையை நீட்டினான்.

"மதினி, கனமா இருக்கா? நான் ஒரு பக்கம் பிடிக்கேன்." அவன் வந்து மறுபக்கத்தை அலாக்காகத் தூக்கினான், அவ்வளவு பலம் அவனுக்கு. இரண்டு பேருமாகத் தூக்கியபோது மாமி தானாகச் சுவரோரம் ஒதுங்க வேண்டியிருந்தது. கூடத்து விளக்குக்குக் கீழே இறக்கி வைத்ததும் சந்தியாகு குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டுச் சட்டத்தைத் தடவித் தடவித் தேடினான். "இது என் கட்டிலு தெரியுமா. நான் கடிச்சது இங்கன இருக்கு. அம்ம காட்டிருக்கா." பச்சைக்கு அடியில், பெயிண்ட் மூடியும் மூடாமல், வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். அவன் விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. தொட்ட விரலைத் தூக்கி அம்மாவுக்குக் காட்டினான். வெள்ளை.

 மாமா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். மாமி அந்த விரலைப் பார்த்தாள், பிறகு வெரோனிக்காவின் வெளுத்த கைகளைப் பார்த்தாள், பிறகு அவள் முகத்தை. சொல்லிவிடலாம், இப்போது ஒரு வார்த்தை போதும், இத்தனை நாள் சிரித்ததற்கும் கிள்ளியதற்கும் சேர்த்து ஒரே வார்த்தை, நாக்கு நுனிவரை வந்து நின்றது. மாமியின் கண் அந்த வார்த்தையைச் சொல்லாதே என்று கெஞ்சவில்லை, சொல்லத்தான் போகிறாய் என்று தயாராகிவிட்டது, அடிக்குக் காத்திருக்கிற கண்ணாக. வெரோனிக்கா சந்தியாகுவின் கையைப் பிடித்து, தன் முந்தானையில் காய்ந்த பக்கமாகப் பார்த்து, விரலைத் துடைத்துவிட்டாள். "சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வாரும் தம்பி, சாப்பாடு போடுவாவ," என்றாள். அவன் போனான்.

"பல்லுத் தெனவுதான் அது," என்றாள் மாமி, மெதுவாக, யாரிடமும் இல்லாமல். கொஞ்சம் பொறுத்து, "கட்டில் கெடந்தா கெடக்கட்டும். கதவை மட்டும் அடைச்சுராத புள்ள. எம் மவன் அங்க…" என்று நிறுத்திக்கொண்டாள்.

 வெரோனிக்கா அடுக்களைக் குழாயில் கையை முழங்கைவரை கழுவிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பிள்ளை தலையணையில் சாய்ந்தபடி, கட்டில் இருந்த வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் அவள் நிற்கிறாள், அந்தப் பக்கம் மாமி இன்னும் போகவில்லை, மூச்சுக் கேட்கிறது, கை கதவில் இருக்கிறதா என்றுகூடத் தெரியும் போலிருக்கிறது.  கையைத் தாழ்ப்பாளில் வைத்தாள். எங்கோ இருட்டில், தண்ணீருக்கு நடுவில், ஒரு சின்ன விளக்கோடு பச்சைத் தோணி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அங்க நீங்க பாத்துக்கிடுங்க, என்று லிகோரியிடம் சொன்னாள், வாய்விட்டே சொன்னாள், கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டாலும் கேட்கட்டும் என்று, இங்க நான் பாத்துக்கிடுதேன். தாழ்ப்பாள் வளையத்தில், அனியின் ஞானஸ்நானத்துக்குக் கதவுக்கும் அடித்த பச்சை வழிந்து இறுகி, நகர மறுத்தது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரு தட்டு தட்டினாள், இன்னொன்று, இன்னும் பலமாக ஒன்று. விடுபட்டு ஓடி, நிலையில் இருந்த ஓட்டைக்குள் முழுசாகப் போய் விழுந்தது.